பத்துக்கு எட்டரை

தமிழ்க் காமிக்ஸ் தீர்ப்பாளர் என்பவர் ஒரு சித்திரக் கதையை முக்கால் மணி நேரத்தில் படித்து முடித்து, ஒரே வரியில் தீர்ப்பெழுதி, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறவர். விமர்சகர் என்று சொன்னால் நெளிவார். "நான் சாதாரண வாசகன்தாங்க" என்பார். அந்தச் சாதாரண வாசகர் போட்ட மதிப்பெண்ணில் யாராவது அரை மதிப்பெண் கூட்டச் சொன்னால் மட்டும் குரல் உயரும். பெரும்பாலும் ஆண், வயது நாற்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே. வங்கி, பள்ளிக்கூடம், மின்வாரியம், மருந்துக் கடை, ஜவுளிக் கடை என்று எங்கும் இருப்பார். சென்னைப் புத்தகக் காட்சியிலும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவிலும் கூட்டமாகத் தென்படுவார். மற்ற நாட்களில் வீட்டில் அவர் ஒரு கட்சி, மீதிப் பேர் எதிர்க்கட்சி.

இந்த இனம் தோன்றிய காலம் தெளிவாகவே தெரியும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. சௌந்தரபாண்டியன் வெளியிட்டார், முல்லை தங்கராசன் ஆசிரியர். மாயாவிக்குப் பின்னால் மாண்ட்ரேக், வேதாளர், ரிப் கெர்பி, ஜானி நீரோ, லாரன்ஸ், டேவிட் என்று வெளிநாட்டு ஆட்கள் வரிசையாக வந்து தமிழ் பேசினார்கள். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் தொடங்கின. லயனில் மாடஸ்டி பிளைசி, ராணியில் ஜேம்ஸ் பாண்ட்.

தின்பண்டக் காசை மிச்சம்பிடித்து ஒருவன் வாங்குவான், தெருவே படிக்கும். வாங்க வழியில்லாதவர்களுக்கு வாடகை நூல் நிலையம் இருந்தது. புத்தகம் எவன் கையில் இருந்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் நின்று, "எப்படிடா இருக்கு?" என்று அரித்துக்கொண்டிருப்பான். மாயாவியின் கை மின்கம்பியைத் தொடப்போகும் நேரத்தில் தலை நிமிர்ந்து விளக்கம் சொல்ல யாருக்கு மனம் வரும்? "சூப்பர்டா" என்று உதிர்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான். ஒருவரி விமர்சனம் என்ற இலக்கிய வகை அந்த அவசரத்தில் பிறந்ததுதான். அவசரம் போய்விட்டது. இன்று தீர்ப்பாளர் கையில் இருப்பது சொந்தச் சந்தாப் பிரதி; பின்னால் நிற்க ஆளில்லை. வகை மட்டும் மாறவில்லை.

தீர்ப்பாளரின் இயல்பை அறியப் பார்சல் வரும் நாளே ஏற்ற நாள். "ஏங்க, உங்க பொம்மப் புஸ்தகம் வந்திருக்கு" என்று வாசலிலிருந்து குரல் வரும். அந்தப் பெயருக்கு அவர் ஒருகாலத்தில் மறுப்புத் தெரிவித்தவர், இப்போது விட்டுவிட்டார். டப்பாவைக் கையால் கிழிக்கமாட்டார், கத்தரிக்கோல் தேடுவார். முதலில் புத்தகத்தின் முதுகு நெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு நான்கு மூலைகளையும் விரலால் தடவுவார். நடுப்பக்கத்தைத் திறந்து, அறையில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மோந்து பார்ப்பார். அடுத்து வாசிப்பு. முதலில் ஆசிரியர் எழுதும் 'ஹாட்லைன்'. அதன்பின் அடுத்த மாத வெளியீடுகளின் விளம்பரம். அதன்பின் வாசகர் கடிதம். அதில் தன் பெயர் இருந்தால் இன்னொருமுறை. ஒருவழியாகக் கதைக்கு வரும்போது காபி ஆறியிருக்கும்.

கதையை அவர் படிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. கண் ஒரு பேச்சு பலூனிலிருந்து அடுத்த பலூனுக்குத் தாவும்; நடுவிலுள்ள ஆள், குதிரை, மலை, வானம் எதிலும் இறங்காது. ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வழியெல்லாம் டிக்கெட்டின் பின்பக்க விளம்பரத்தையே படித்துவரும் பயணியைப் போன்றவர் அவர். வசனமே இல்லாத கட்டம் வந்தால் அதைச் சலுகையாக எடுத்துக்கொண்டு சட்டென்று தாண்டிவிடுவார். ஓவியன் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த மௌனமான முழுப்பக்கம் இவரிடம் அரை விநாடி பெறும். "அந்தப் பக்கத்துல ஒண்ணும் நடக்கலையே" என்பது இவர் வாதம்.

மதிப்பெண் முறைக்கு எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. பத்துக்கு என்று பெயரே தவிர, புழக்கத்தில் உள்ளது ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடைப்பட்ட பகுதிதான். ஏழு என்றால் படுதோல்வி. ஒற்றுப்பிழைக்குக் கால் குறையும். அட்டைப்படம் பிடிக்காவிட்டால் அரை. விலை கூடினால் இன்னொரு அரை. கூரியர்காரர் மூலையை மடக்கிவிட்டால் அதற்கும் கால் மதிப்பெண்ணைக் கதாசிரியரே இழக்கவேண்டும், அவர் பெல்ஜியத்தில் இருந்தாலும் சரி. ஓவியத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. 'ஓவியம் அருமை' என்ற இரண்டு சொற்கள் எல்லா ஓவியருக்கும் வேறுபாடின்றி வழங்கப்படும்.

தீர்ப்புகளில் உயர்ந்தது "ஒரே மூச்சில் படித்தேன்". மூச்சு வாங்கிப் படிக்கவேண்டிய கதை எதுவும் இந்தப் படியை எட்டாது. தாழ்ந்த தீர்ப்புகள் இரண்டு. ஒன்று, "கன்னித்தீவு மாதிரி இழுக்கிறது". தினத்தந்தியில் 1960 முதல் சிந்துபாத் அலைந்துகொண்டிருக்கும் அந்தத் தொடர், முடியாத எதற்கும் தமிழில் உவமையாகிவிட்டது. அந்த உவமையைக் கண்டனமாகச் சொல்கிறவர் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது கன்னித்தீவைத்தான். இன்னொன்று "பூச்சுற்றல்", அதாவது வாசகன் காதில் பூ வைக்கிற கதை. இந்தக் குற்றச்சாட்டு புதிய கதைகள்மீது மட்டுமே பாயும். ஹெலிகாரில் பறந்து, வலைத் துப்பாக்கியால் ஊரையே கட்டிப்போட்ட ஸ்பைடர் என்ற பழைய நாயகன்மீது இதுவரை பாய்ந்ததில்லை. அது பன்னிரண்டு வயதில் படித்தது. அந்த வயதில் படித்ததற்கு முழு விலக்கு.

இவர் எல்லாவற்றையும் அளக்கும் அளவுகோல் மாயாவி. புதிய புத்தகம் எதுவானாலும் "பழைய மாயாவி வேகம் இல்லை" என்று ஒரு வரி வந்தே தீரும். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தீர்ப்பாளரின் பிடித்தமும் பிழையும் ஒருசேரத் தெரியும். 1962இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற வார இதழில் வெளிவந்த தொடர் அது. வாரம் இரண்டு மூன்று பக்கம்தான் இடம். அந்த இடத்துக்குள் முந்தைய வாரத்தின் ஆபத்திலிருந்து ஆளை மீட்டு, அடுத்த வாரத்துக்கு வேறொரு ஆபத்தில் மாட்டிவிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பையன்கள் அடுத்த இதழை வாங்கமாட்டார்கள். அப்படி வந்த பக்கங்களை ஒன்றாகக் கோத்துத் தமிழில் புத்தகமாக்கியபோது, இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை திக்கென்றது. ஆக, தீர்ப்பாளர் ஐம்பது ஆண்டுகளாகப் புகழ்ந்துவருவது லண்டன் வார இதழ் ஒன்றின் பக்க ஒதுக்கீட்டை.

அவர் புகழ மறந்தது அதை வரைந்தவரை. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற பார்சிலோனா ஓவியர் அந்தத் தொடரில் செய்த வேலை எளிதல்ல. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். எனவே முக்கியமான கட்டங்களில் வரைவதற்கு நாயகனே இல்லை. முகம் இல்லாமல் கோபத்தைக் காட்டவேண்டும். கால் இல்லாமல் ஓட்டத்தைக் காட்டவேண்டும். விரல்கள் மடங்கிய விதம், கை நிற்கும் உயரம், சுற்றியிருப்பவர் பார்வை திரும்பும் திசை, அடர்ந்த கறுப்பு நிழல் இவற்றை மட்டும் வைத்து, அந்தக் கைக்குப் பின்னால் ஓர் ஆள் மூச்சிரைக்க நிற்கிறான் என்று நம்பவைத்தார். ஒரு அறையில் காவலாளி முதுகைக் காட்டி நிற்க, மேசை விளிம்பில் அந்த ஐந்து விரல்கள் மெல்ல ஊன்றும் கட்டத்தை வசனம் இல்லாமலே பயத்தோடு பார்த்தவர்கள்தான் இன்றைய தீர்ப்பாளர்கள். அன்று அவர்கள் கண்ணால் படித்தார்கள். பெரியவர்களான பிறகுதான் படம் பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நாயகன் நல்லவனாக இருக்கவேண்டும் என்பது இவரது இரண்டாவது விதி. "ஹீரோவே சரியில்லை" என்று பல நல்ல கதைகள் இவரிடம் மதிப்பெண் இழந்திருக்கின்றன. ஆனால் இரும்புக்கை மாயாவி, அதாவது லூயி கிராண்டல், முதல் கதையில் விபத்தால் மனம் பேதலித்துக் குற்றவாளியானவர்; உளவாளியாகத் திருந்தியது பின்னால். ஸ்பைடர் அறிமுகமானதே குற்ற உலகின் சக்கரவர்த்தியாகும் ஆசையோடு. ஒரு பேராசிரியரையும் ஒரு பூட்டுத் திறப்பாளனையும் கூட்டாளியாக வைத்துக்கொண்டார். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பிறகு ஸ்பைடர் கதைகளை எழுத வந்தார் என்பது கூடுதல் செய்தி. தீர்ப்பாளரின் பால்ய நாயகர்களில் பாதிப் பேர் திருடர்களாகத் தொழிலைத் தொடங்கியவர்கள். இதை எடுத்துச் சொன்னால் சற்று யோசித்துவிட்டு, "அது வேறங்க" என்பார். எப்படி வேறு என்பது ஒரு வரியில் அடங்காததால் அங்கேயே விவாதம் முடியும்.

தீர்ப்பாளர்களுக்குள் பெரும்பிளவு கௌபாய்களால் வந்தது. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர்; எழுதியவர் ஜியான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் கலெப்பினி. தமிழில் இவருக்கு இரவுக் கழுகார் என்று மரியாதைப் பெயர் உண்டு. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் டெக்ஸ் மாறவே இல்லை: குறி தப்பாது, சந்தேகம் வராது, கூட்டாளி கார்சனின் முணுமுணுப்பும் நிற்காது. எதிர்முகாமில் கேப்டன் டைகர். ஷார்லியே எழுத, ஜிரோ வரைந்து, 1963இல் பிரான்சில் தொடங்கிய புளூபெர்ரிதான் இவர். அங்கே லெஃப்டினன்ட், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் பதவி உயர்வு பெற்றார். தொடக்கத்தில் நடிகர் ஜான் பால் பெல்மண்டோவின் சாயலில் வரையப்பட்ட முகம், கதை போகப்போகத் தாடி, புழுதி, தழும்பு என்று தேய்கிறது. தங்கம் திருடியதாகப் பழி, சிறை, பதவி பறிப்பு என எல்லாம் அனுபவிக்கிறார்.

டெக்ஸ் அணியின் தீர்ப்பு: "தல தலதான். 9.5." டைகர் அணியின் தீர்ப்பு: "டைகர் மாதிரி வருமா? 9.5." இரு அணியும் சந்தித்தால் ஒன்றரை மணி நேரம் பேச்சு நடக்கும். எந்தக் கதை எந்த ஆண்டு, என்ன விலையில், எந்தத் தாளில் வந்தது என்பதெல்லாம் துல்லியமாக வெளிப்படும். ஜிரோ தொடக்கத்தில் தடிமனாக இழுத்த கோடு, பிறகு நுணுகி நுணுகிப் பாலைவனத்தின் ஒவ்வொரு கல்லையும் எண்ணும் கோடாக மாறியதைப் பற்றி மட்டும் பேச்சு வராது. புழுதி பறக்கும் அந்தப் பக்கங்களைப் பற்றி வரும் ஒரே கருத்து, "படம் கொஞ்சம் தெளிவில்லை, பிரிண்டிங் கோளாறு போல" என்பது.

'இரத்தப் படலம்' பற்றி இரு அணியினரும் ஒத்துப்போவார்கள். 1980களில் தமிழில் தொடங்கி, 2010இல் பதினெட்டுப் பாகங்களும் ஒரே கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்த கதை. அதன் நாயகனுக்குத் தான் யார் என்பதே மறந்துவிட்டது. தீர்ப்பாளருக்கோ எந்தப் பாகத்தில் எந்தப் பக்கத்தில் எவன் சுட்டான் என்பது வரை மறக்கவில்லை. வீட்டுக் கியாஸ் புக்கிங் எண்ணைக் கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார்.

இந்த அமைதியைக் குலைக்க வந்தது கிராபிக் நாவல். அமெரிக்காவில் வில் ஐஸ்னர் 1978இல் வெளியிட்ட தொகுப்பால் அந்த வகை பரவலாகப் பேசப்பட்டது. 1992இல் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' சிறப்புப் புலிட்சர் பரிசு பெற்றது. மர்ஜானே சத்ரபியின் ஈரான் நினைவுகளைக் கோவை விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. சிவகாசியும் 2012க்குப் பிறகு ஐரோப்பியக் கிராபிக் நாவல்களைத் தமிழாக்கி வெளியிட்டது. தீர்ப்பாளர் இவற்றையும் வாங்கினார். சந்தா கட்டியாயிற்று, வாங்காமல் முடியாது. இவ்வகை நூல்களுக்கு அவர் வழங்கிய தீர்ப்பு உலக விமர்சன வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது: "அருமையான கதை. படிச்சு முடிச்சதும் மனசு கனத்துப்போச்சு. ரெண்டு நாள் தூக்கம் இல்லை. 9/10. இனிமே இந்த மாதிரி போடாதீங்க."

கிராபிக் நாவலோடு இந்த இனத்தில் ஒரு புதுக்கிளையும் முளைத்தது. இவர் இளையவர், முப்பதை ஒட்டிய வயது. "இது காமிக்ஸ் இல்ல சார்" என்று தொடங்குவார். 'வாட்ச்மென்', 'மவுஸ்' இரண்டும் அலமாரியில் முகம் தெரிய வைக்கப்பட்டிருக்கும். மதிப்பெண் போடமாட்டார், அதை மலினம் என்று நினைக்கிறார். அதற்குப் பதிலாக "பல அடுக்குகள் கொண்ட பிரதி" என்று ஒரு வரி சொல்வார். மூத்தவரின் "சூப்பர்" என்ற சொல்லுக்கும் இதற்கும் நீளத்தைத் தவிர வேறுபாடு இல்லை. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் செய்த 'வாட்ச்மென்' பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற கட்டமைப்பில் நடக்கிறது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்திலும், இரண்டாவதன் அமைப்பு கடைசிக்கு முந்தியதிலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவந்து, நடுப்பக்கத்தில் இரண்டு பாதியும் சந்திக்கின்றன. அடுக்குகளைப் பற்றிப் பேசும் இளையவர் இந்த அடுக்கைத் தாண்டித்தான் போயிருப்பார். 'மவுஸ்' நூலில் ஸ்பீகல்மன், யூதர்களாக வரும் தன் எலிகளைப் பெரிதாக வரைந்து சுருக்காமல், அச்சாகும் அளவிலேயே வரைந்தார். அதனால்தான் அந்தக் கோட்டில் கை நடுக்கம்வரை தெரிகிறது. இளையவர் அதைப் பற்றி எழுதிய குறிப்பில் யூத இனப்படுகொலை பற்றி மூன்று வாக்கியம் இருக்கும். கோட்டைப் பற்றி ஒன்றும் இருக்காது. படம் விஷயத்தில் மாமனும் மருமகனும் ஒரே வீட்டுக்காரர்கள்.

வாங்கிய புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையையே பிரிக்காத சேகரிப்பாளர் என்றொரு கிளையும் உண்டு. படிக்காததால் அவரது தீர்ப்பில் பிழை வர வழியில்லை.

மூன்றாம் தலைமுறை ஜப்பானிய மங்காவோடு வந்திருக்கிறது. அது வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய புத்தகம். ஞாயிற்றுக்கிழமை வந்த அக்காள் மகன் மேசையில் விட்டுப்போன 'நருட்டோ' ஒன்றைத் தீர்ப்பாளர் எடுத்து, வழக்கம்போல இடது பக்கத்திலிருந்து தொடங்கி, இருபது நிமிடத்தில் முடித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"முடிவை முதல்லயே காட்டிட்டான். சஸ்பென்ஸே இல்ல. நாலு."

"மாமா, அத பின்னாடியிருந்து படிக்கணும்."

"பின்னாடியிருந்து படிச்சா மட்டும் என்ன வந்துடப்போகுது? நாலரை."

இந்தத் தீர்ப்புகளைச் சிரித்துக் கடந்துவிட முடியாத காரணம் ஒன்று உண்டு. தமிழ்க் காமிக்ஸ் இன்று சந்தாவை நம்பி நடக்கும் சிறிய தொழில். பெட்டிக்கடையில் தொங்கி விற்ற காலம் போய்விட்டது. அடுத்த ஆண்டு எந்தக் கதைக்கு உரிமம் வாங்குவது, எதை மறுபதிப்புப் போடுவது என்று பதிப்பகத்தில் முடிவெடுக்கும்போது கையில் இருப்பவை விற்பனைக் கணக்கும் இந்த ஒருவரிகளும்தான். "மாயாவியைக் கலரில் மறுபடி போடுங்க" என்று ஐம்பது பேர் எழுதினால் மாயாவி மறுபடி வருவார். டெக்ஸுக்கு ஆண்டுப் பட்டியலில் இடம் குறையாததும், ஒரே புத்தகத்தோடு முடியும் புதிய ஐரோப்பியக் கதை இரண்டாம் முறை யோசிக்கப்படுவதும் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் நடப்பவை. அதே நேரம், பத்து வயதில் பிடித்த பழக்கத்தை அறுபதிலும் விடாமல் சந்தா கட்டும் இவர்கள் இல்லாவிட்டால் பட்டியலே இருக்காது. குறை சொல்கிறவர்களில் பலர் சந்தா கட்டுவதில்லை. தீர்ப்பாளர் கட்டிவிட்டுத்தான் குறை சொல்கிறார்.

எனவே மதிப்பெண்ணை விடச் சொல்லி அவரைக் கேட்பது நியாயமில்லை, கேட்டாலும் விடமாட்டார். அடுத்த பார்சல் வந்ததும், மோந்து பார்த்து, ஹாட்லைன் படித்த பிறகு, பலூன்களை விரலால் மறைத்துக்கொண்டு முதல் எட்டுப் பக்கத்தைப் படமாக மட்டும் ஒருமுறை பார்க்கலாம். ஐந்து நிமிடம் ஆகும். அதன்பின் எட்டரை போட்டாலும் சரி.